மாலையிடாத படம்: வன்னியில் முகங்காட்டும் முறைமையின் வரலாறு

வன்னிப் பெருநிலத்தில் ஒருவரது புகைப்படத்துக்கு மாலையிடுவது அவர் இறந்துவிட்டாரென ஊருக்கு அறிவிப்பதாகும். இந்த நியதியை எவரும் எழுதிவைத்ததில்லை. ஆயினும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இதனை அறியாத வீடுமில்லை. முகநூலில் எந்த முகத்தை இடுவது, எதனை மறைப்பது என்னும் வியவகாரத்தைக் கைபேசியோடு வந்திறங்கிய நூதனப் பழக்கமாகக் கொள்வோர் பலர். நான் கண்டவரையில், விறாந்தைச் சுவரின் சட்டமே கைபேசித் திரைக்குக் குடிபெயர்ந்தது. யுத்தத்தினூடே வந்தமையால் வழியில் சில புதிய விதிகளையும் அது சேர்த்துக்கொண்டது.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றங்களில், படம் பிடிப்பதென்பது ஒரு காலத்தில் ஆயுளில் இரண்டு மூன்று தடவைகள் மட்டுமே நிகழும் சம்பவம். கலியாணத்துக்கு ஒன்று, சாமத்திய வீட்டுக்கு ஒன்று. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்படலானபின், அதற்கென ஒன்று. சாமத்திய வீட்டுப் படம் சபையறியக் காட்டப்பட்டது. அதே பெண்ணின் படம் வேறொரு வாலிபனின் சட்டைப் பையில் கிடந்தாலோ, அது குடும்பத்தின் மானப் பிரச்சினை. ஆகவே முகம் பார்க்கப்படுவதில் தோஷமில்லை, எவருடைய அநுமதியோடு பார்க்கப்படுகிறது என்பதே விஷயம். பல்தெரியச் சிரிக்காத அக்காலப் படங்களின் விறைப்பை, கமராவின்மீதுள்ள பயமென்று நான் எண்ணவில்லை. சபைக்கு முன் நிற்கும் அடக்கம் அது.

யுத்த காலத்தில், படங்கள் மாட்டிய விறாந்தைச் சுவர் வேறோர் அந்தஸ்தைப் பெற்றது. விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் 1989 முதல் நவம்பர் 27இல் அநுஷ்டிக்கப்பட்டு வர, களத்தில் வீழ்ந்த பிள்ளையின் சீருடைப் படம், மாலையும் விளக்குமாக, வருவோர் கண்ணில் முதலிற் படும் இடத்தில் இருந்தது. யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தின்பின் அதே படம் ஆபத்தாயிற்று. புதைத்தவர்கள் உண்டு, எரித்தவர்கள் உண்டு, சீருடையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குள் ஒரு சொப்பிங் பையோடு நுழைந்த தாய்மாரிடம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் இவற்றுக்கிடையே ஈரத்தில் ஒட்டிப்போன இரண்டொரு படங்களும் இருந்தன; பிரித்தெடுக்க முயன்றால் முகமே உரிந்துவிடும் நிலை.

அவ்வாறு தப்பிய படங்களே, 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது போராட்டத்துக்குப் பெருப்பித்து, லமினேற் செய்து கொண்டுவரப்பட்டன. அவற்றில் மாலையில்லை. கணவனைத் தேடும் பெண்கள் பலர் பொட்டை அழிக்கவுமில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானபோதும், மரணச் சான்றிதழும் நட்டஈடும் பற்றிய பேச்செழும்போதெல்லாம், அவர்கள் மறுத்தது பணத்தை மாத்திரமன்று, அந்த மாலையைத்தான்.

முகநூலுக்கு வருவோம். கலியாணமாகாத பெண்ணின் கணக்கில் ரோஜாப் பூவோ, அக்காவின் குழந்தையோ, அம்மனோ இருக்கும். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் மாமாமார் பார்ப்பார்களே என்பது அவள் தரும் சமாதானம். முன்பு ஒழுங்கை முனையில் நின்ற கண், இப்போது கடல்கடந்து நிற்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிளும் வற்றாப்பளைக் காவடியும் தாராளமாக அநுமதிக்கப்பட்டுள்ளன. நியதி எல்லார்மீதும் ஒரே பாரமாய் அமர்வதில்லை. கார்த்திகை மாதத்தில் மட்டும் அவர்களும் அடங்குகிறார்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் முகநூற் பதிவுக்காகக் கைதானோர் உண்டென்பதும், 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்ததும் தெரிந்த பிள்ளை, களத்தில் வீழ்ந்த மாமன் படத்துக்குப் பதிலாக ஒற்றைச் சுடரை இடுகிறான். ஊர்வாய்க்கு அஞ்சிய ரோஜாவையும் அரசுக்கு அஞ்சிய சுடரையும் ஒரே நாணத்தின் இரு வடிவமென ஆய்வாளர் சிலர் எழுதிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் மனைவி, அவருடைய பிறந்தநாளில் பழைய கலியாணப் படத்தை இட்டிருந்ததைக் கண்டேன். கீழே வாழ்த்துகள். வெளிநாட்டு உறவினர் ஒருவர், விபரமறியாமல், ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதியிருந்தார். மறுநாள் பார்க்கையில் அந்த வரி அகற்றப்பட்டிருந்தது; வாழ்த்துகள் யாவும் அப்படியே இருந்தன.