பகைவனுக்குச் செய்யும் மரியாதை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியிலே, கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் இவ்வூரின் அடையாளங்கள். இங்கே அரசகேசரிப் பிள்ளையார் கோயில் என்றொரு திருக்கோயில் உண்டு. காளிதாசர் வடமொழியிற் பாடிய இரகுவம்சத்தைத் தமிழிலே பாடித் தந்த அரசகேசரி என்னும் புலவனின் பெயரைத் தாங்கி நிற்பது அது. அவன் யாழ்ப்பாண அரச குடும்பத்தைச் சேர்ந்தவன்.

எதிர்மன்னசிங்கன் என்னும் அரசன் இறந்தபின், சிறுவனாக இருந்த இளவரசனுக்காக அரசைக் காத்து நின்ற அரசகேசரியைச் சங்கிலி குமாரன் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினான் என்று போர்த்துக்கேயர் எழுதிய வரலாறுகள் கூறும். கொல்லப்பட்ட அரசகேசரியும் இரகுவம்சம் பாடிய புலவனும் ஒருவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பின்னர் 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. சங்கிலி குமாரன் போர்த்துக்கேயராற் சிறைப்பிடிக்கப்பட்டுக் கோவாவிலே கொல்லப்பட்டான்.

நீர்வேலியிலே அரசகேசரியின் பெயர் விளங்கும் கோயிலில் வழிபாடு நடைபெறுகின்றது. சில கல் தொலைவிலுள்ள நல்லூரிலே சங்கிலியனுக்குச் சிலை நிற்கின்றது. கொல்லப்பட்டவனையும் கொன்றவனையும் ஒரே நாட்டு மக்கள் போற்றுகின்றனர். அது பற்றி எவரும் மனம் வருந்துவதில்லை. நானூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இது காலம் செய்துவைத்த இணக்கம்.

ஆனால் காலம் அவ்வாறு கழியுமுன், இறந்தவரின் தாய்மார் இன்னும் உயிரோடிருக்கையிலே, மனிதர் தாமே முன்வந்து இணக்கத்துக்கு ஓர் அடையாளத்தை நாட்டலாமா? நேற்றுவரை பகைவனாக இருந்தவனுடைய கொடியை ஏந்துவதும், அவன் மொழியிலே கீதம் பாடுவதும், அவனுடைய கல்லறைக்குத் தலைவணங்குவதும் அறமாகுமா? இன்று நாம் ஆராயப் புகும் வினா இதுவே.

இவ்வினா நம்மவர்க்குப் புத்தக வினாவன்று. 1995 ஒக்டோபரிலே வலிகாமத்திற்குள் இராணுவம் முன்னேறியபோது நீர்வேலியும் அப்போரின் வழியில் அகப்பட்டது. அம்மாதம் 30ஆம் நாள் இரவு, மழையிலே, இலட்சக்கணக்கான மக்கள் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அந்நடையை மறந்தவர் இவ்வூர்ப் பெரியவர்களுள் ஒருவரும் இலர். அத்தகையவரிடம் சென்று இணக்கம் என்று சொல்லும்போது சொல்லை அளந்தே சொல்லல் வேண்டும்.

அடையாளச் செயல்களை மறுப்போர் இருதிறத்தினர். அவை வெறும் வேடம் என்பர் ஒரு சாரார். காணி போனவனுக்குக் காணியையும், காணாமற் போனவனின் தாய்க்கு விடையையும் கொடாது மாலையும் விளக்கும் கொடுத்துப் பயன் என்னை என்பது அவர் கேள்வி. அவை துரோகம் என்பர் மற்றொரு சாரார். இறந்தவர் சார்பிலே மன்னிக்க உயிரோடிருப்பவர்க்கு உரிமை ஏது என்பது அவர் கேள்வி. இரண்டும் நேர்மையான கேள்விகளே. இவற்றுக்கு விடை தேடுமுன் இந்நாட்டின் மிகப் பழைய எடுத்துக்காட்டு ஒன்றை நோக்குவோம்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் அனுராதபுரத்திலிருந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டான். அவன் பௌத்தன் அல்லன். ஆயினும் பகைவனென்றும் நண்பனென்றும் பாராது நீதி வழங்கினான் என்று, அவனை வென்றோரின் புகழைப் பாட எழுந்த மகாவம்சமே கூறுகின்றது. அவனோடு போரிட்ட துட்டகைமுனு, எல்லாளனைத் தன்னையன்றி வேறெவரும் கொல்லலாகாது என்று பறையறைவித்தான். நகரின் தென்வாயிலருகே இருவரும் யானைமீதிருந்து பொருதனர். முதியவனாகிய எல்லாளன் வீழ்ந்தான். அதன்பின் நிகழ்ந்ததே நம் கவனத்துக்குரியது. வென்றவன் சுற்றுப்புறத்து மக்களையெல்லாம் அழைப்பித்து, பகையரசன் வீழ்ந்த இடத்திலேயே அவனுடலை உரிய மரியாதையோடு தகனஞ் செய்தான். அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, அதனை வழிபடுமாறு பணித்தான். பிற்கால அரசர்கள் அவ்விடத்தை அணுகும்போது வாத்திய ஒலியை நிறுத்தி மௌனமாகச் செல்வர் என்று, பல நூற்றாண்டுகளின் பின் அந்நூலை இயற்றிய மகாநாம தேரர் எழுதினார்.

அவ்வழக்கம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேயருக்கு எதிராகக் கண்டி நாட்டார் கிளர்ந்தெழுந்து தோற்ற 1818ஆம் ஆண்டிலே, பிலிமத்தலாவை என்னும் பிரதானி அனுராதபுரத்தின் வழியே தப்பியோடினார். சின்னம் இருந்த இடம் இன்னதென்று அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஆயினும் களைத்திருந்த நிலையிலும் பல்லக்கினின்றும் இறங்கி, அதனைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே சென்றார். இச்செய்தியைப் போப்ஸ் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1840இல் வெளியான தம் நூலிற் குறித்துள்ளார். உயிருக்கு அஞ்சி ஓடுகின்ற ஒரு சிங்களப் பிரதானி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த தமிழரசன் ஒருவனுக்காகத் தரையில் இறங்கி நடந்தார். அடையாளச் செயல்கள் பயனற்றவை என்று சொல்வோர் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் வேண்டும். எல்லாளன் சமாதி என்று மக்கள் வழங்கிய மேட்டினைத் தொல்பொருளறிஞர் பரணவிதான தட்சிண தூபம் எனக் கொண்டார். ஆகவே இடம் எது என்பதிலே வாதம் உண்டு. மரியாதை இருந்தது என்பதில் வாதம் இல்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் கதை இனிதே முடியும். ஆனால் மகாவம்சத்தின் அதே அதிகாரத்தை இன்னும் சிறிது வாசித்தல் வேண்டும். வெற்றிக்குப் பின் துட்டகைமுனு மகிழ்ச்சியற்றிருந்தான். எண்ணற்ற மக்களைக் கொன்ற நினைவு அவனை வாட்டியது. அவ்வேளையிலே அரகத்துகள் எண்மர் வந்து அவனைத் தேற்றினர் என்று நூல் கூறுகின்றது. எவ்வாறு தேற்றினர்? கொல்லப்பட்டோருள் மனிதர் என எண்ணத்தக்கவர் ஒன்றரைப் பேர் மட்டுமே என்று சொல்லித் தேற்றினர். ஒருவன் மும்மணிகளைச் சரணடைந்தவனாம். மற்றொருவன் பஞ்சசீலத்தை ஏற்றவனாம். ஏனையோர் விலங்குகளுக்கு ஒப்பானவராம். புத்தர் பெருமானின் அருளறத்துக்கு இது முற்றும் மாறானது என்பதைப் பௌத்த பிக்குவாகிய வல்பொல இராகுல தேரரே எடுத்துக் காட்டியுள்ளார். ஆகவே இதனை ஒரு சமயத்தின் குற்றமாகக் கொள்ளற்க. வெற்றி பெற்ற எவர்க்கும் வரக்கூடிய மயக்கமாகக் கொள்க.

ஒரே அதிகாரத்திலே இரு காட்சிகள் உள்ளன. வீழ்ந்த அரசனுக்குச் சின்னம் எழுகின்றது. அவனுக்காக வீழ்ந்த ஆயிரவரோ மனிதக் கணக்கிலேயே சேரவில்லை. அரசன் அரசனை மதித்தான். அது பெருந்தன்மையே, ஐயமில்லை. ஆனால் வாளேந்திய குடியானவனையும் அவனுக்காக வீட்டில் விளக்கேற்றிக் காத்திருந்தவளையும் அப்பெருந்தன்மை எட்டவில்லை. அரைகுறையான இணக்கம் என்று நாம் சொல்வது இதனையே.

இனிக் கடல் கடந்து ஒரு காட்சியைக் காண்போம். 1970 டிசம்பர் 7ஆம் நாள், மேற்கு ஜேர்மனியின் முதல்வர் வில்லி பிராண்ட் போலந்தின் தலைநகராகிய வார்சோவிலே, நாற்சிகளை எதிர்த்து மடிந்த யூதர்களின் நினைவுச் சின்னத்தின் முன் முழந்தாளிட்டார். அவர் நாற்சிக் கட்சியினர் அல்லர். இட்லருடைய ஆட்சிக்குத் தப்பி நோர்வேயிலே அடைக்கலம் புகுந்திருந்தவர். தாம் செய்யாத குற்றத்துக்காகத் தம் நாட்டின் பெயரால் மண்டியிட்டார். சொந்த நாட்டிலே அதற்குக் கிடைத்த வரவேற்பு என்ன? அந்நாளிலே எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பிலே நூற்றுக்கு 48 பேர் அது மிகையான செயல் என்றனர். தகும் என்றவர் 41 பேர். ஆனால் அவர் முழந்தாளிட்டதோடு நில்லாமல், போலந்தின் மேற்கெல்லையை ஏற்கும் உடன்படிக்கையிலும் அன்றே கையொப்பமிட்டார். ஜேர்மானியர் இலட்சக்கணக்கில் துரத்தப்பட்ட நிலங்கள் அவ்வெல்லைக்கு அப்பால் இருந்தன. அச்செயலுக்கு அவர் விலை கொடுத்தார். அதனாலேயே அது வேடமாகவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கையிற் கொண்டு நம் நாட்டுக்கு மீள்வோம். இங்கும் அடையாளச் செயல்கள் நிகழாமல் இல்லை. 1983 யூலை வன்செயல்களுக்காக 2004 யூலை 23இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். போர் முடிந்த மூன்றாம் ஆண்டாகிய 2012இல், யாழ்ப்பாணத்தில் நடந்த எதிர்க்கட்சிகளின் கூட்டு மேதின மேடையிலே தமிழ்த் தலைவர் இரா. சம்பந்தன் சிங்கக் கொடியைக் கையில் ஏந்தினார். அதற்காகத் தம்மவராலேயே கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். 2016 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திர தின அரச விழாவிலே, பல பத்தாண்டுகளின் பின் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அதனைக் கேட்டுக் கண்கலங்கிய தமிழரும் உண்டு. ஆட்சி மாறியபின், 2020ஆம் ஆண்டு விழாவிலே அது ஒலிக்கவில்லை.

இவற்றுள் வலியவன் தந்தது எது, மெலியவனிடம் எதிர்பார்க்கப்பட்டது எது என்று பிரித்தறிதல் வேண்டும். வென்றவன் தோற்றவனுடைய கல்லறைக்கு மரியாதை செய்தால் அது அருள். தோற்றவன் வென்றவனுடைய கொடியை ஏந்தினால், அவன் மனமுவந்தே ஏந்தினாலும், அது அச்சம் என்றோ தேவை என்றோ உலகம் ஐயுறும். ஆகவே முதல் அடி வைக்கும் கடமை வலியவனுக்கே உரியது. துட்டகைமுனு இதனை அறிந்திருந்தான். மேலும், சட்டத்தில் வேரூன்றாத மரியாதை ஒரு விழாவுக்கு வந்து மறு விழாவுக்குப் போய்விடும். கீதத்தின் கதை அதற்குச் சான்று.

நீர்வேலிக்கு அயலூராகிய கோப்பாயிலே புலிகள் இயக்கத்தினரின் துயிலுமில்லம் இருந்தது. 1995இல் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்தபின் அது இடிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் மீண்டும் எழுந்தது; போர் முடிந்தபின் மீண்டும் தரைமட்டமாக்கப்பட்டது. 2011 மார்ச்சிலே அந்நிலத்தின்மேல் இராணுவப் படைப்பிரிவு ஒன்றின் தலைமையகம் திறக்கப்பட்டது. அதன்பின் நவம்பர் 27ஆம் நாளிலே, பிள்ளைகளை அங்கே புதைத்த பெற்றோர் வெளியே நின்று விளக்கேற்றும் நிலை உண்டாயிற்று. அங்கே துயின்றோரின் இயக்கம் செய்தவை அனைத்தும் சரி என்று எவரும் ஒப்பவேண்டியதில்லை. எல்லாளனுடைய ஆட்சி சரி என்று ஒப்பியா துட்டகைமுனு சின்னம் எழுப்பினான்? இறந்த பகைவனைப் புதைத்த நிலத்தை விட்டுவைப்பது கொள்கைக்குச் செய்யும் வணக்கமன்று. மனிதனுக்குச் செய்யும் மரியாதை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டார்க்குத் தெரிந்திருந்த ஒன்றே இது.

நேயர்களே, இதுவரை கூறியவற்றுக்கு யாழ்ப்பாணத்திலே உடன்பாடு எளிதிற் கிடைக்கும். இனிக் கூறுவது அத்துணை எளிதன்று. 1995 ஒக்டோபர் 30ஐ நாம் நினைவு கூர்கின்றோம். அதற்குச் சரியாக ஐந்தாண்டுகளுக்கு முன், 1990இல் அதே ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு புலிகளாற் பணிக்கப்பட்டனர். வடமாகாணத்திலிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். தலைமுறை தலைமுறையாக நம்மோடு தமிழ் பேசி வாழ்ந்த அயலவர் அவர்கள். 2002 ஏப்பிரலிலே கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அதற்காக வருத்தந் தெரிவித்து, அவர்களைத் திரும்பி வருமாறு அழைத்தார். ஆனால் நம் ஊர்ச் சபைகளிலும் வாசிகசாலைகளிலும் அந்த நாளை நாம் எத்தனை முறை நினைத்தோம்? ஒருவேளை நம்மிடமும் ஒரு ‘ஒன்றரை’க் கணக்கு இருந்திருக்கலாம். நம் துயரம் முழுத் துயரம், பிறர் துயரம் அரைத் துயரம் என்று நாமும் எண்ணியிருக்கலாம். தெற்கிலே ஏதோவொரு குக்கிராமத்தில், வேலையின்மையால் படையிற் சேர்ந்து இம்மண்ணில் வீழ்ந்தவனின் தாயை நாம் எந்தக் கணக்கிற் சேர்த்தோம்?

ஆகவே, அடையாள இணக்கம் அறமா என்னும் வினாவுக்கு நாம் கூறும் விடை இது. அது அறமே, ஆனால் அதனைச் செய்பவன் தன்னிடமுள்ள ஒன்றைக் கொடுத்துச் செய்தல் வேண்டும். நிலத்தையோ, உண்மையையோ, தன் பக்கத்தாரின் கைதட்டலையோ இழக்க ஆயத்தமாயிருப்பவன் செய்யும் அடையாளம், பிலிமத்தலாவை இறங்கி நடந்த நாள்வரை நிற்கும். ஒன்றையும் இழவாதவன் ஏற்றும் விளக்கு விழா முடிந்ததும் அணையும். இறந்தவர் சார்பிலே மன்னிக்க நமக்கு உரிமை இல்லை என்று சொல்வோர் கூற்று உண்மையே. ஆனால் மன்னிப்பு வேறு, மரியாதை வேறு. மன்னிப்பது துன்புற்றவனின் உரிமை. அதை அவனிடம் எவரும் வற்புறுத்திக் கேட்கலாகாது. இறந்தவன் எவனாயினும் அவனும் ஒரு முழு மனிதன் என்று எண்ணுவதோ எல்லார்க்கும் உரிய கடமை. அதற்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை.

நீர்வேலியிலே அரசகேசரியின் கோயில் மணி ஒலிக்கின்றது. அவனைக் கொன்றவனின் சிலையைக் கடந்தே இவ்வூரார் பலர் பட்டினத்துக்குச் செல்கின்றனர். அப்பகை ஆற நானூறு ஆண்டுகள் சென்றன. நம் காலத்துப் பகைக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருத்தல் இயலாது. கோப்பாயின் வீதியோரத்தில் விளக்கேற்றும் முதியவள் அதுவரை இருக்கமாட்டாள்.