பிளாக் சபாத்: பெயர் யாருக்குச் சொந்தம்?

இன்னைக்கு எபிசோட்ல ஒரு ஹெவி மெட்டல் பேண்டோட கதை. ஹெவி மெட்டல் கேட்காதவங்களும் பயப்படாம உட்காருங்க, ஏன்னா இதுல பாட்டு பாதிதான். மீதி பாதி ஒரு பெயரைப் பற்றினது. 'பிளாக் சபாத்' என்கிற அந்தப் பெயருக்காக நியூயார்க் நீதிமன்றத்துல வழக்கே நடந்தது. வழக்குப் போட்டவர் அந்த பேண்டோட முதல் பாடகர், வழக்கை எதிர்கொண்டவர் கிட்டார் கலைஞர். ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க.

இங்கிலாந்துல பர்மிங்காம் நகரம், அதுல ஆஸ்டன்னு ஒரு பகுதி. தொழிற்சாலைகள் நிறைஞ்ச, உழைப்பாளி மக்கள் வாழ்ந்த இடம். 1968-ல் அங்கே நாலு இளைஞர்கள் சேர்றாங்க. பாட்டுக்கு ஆஸி ஆஸ்போர்ன், கிட்டாருக்கு டோனி அயோமி, பேஸ் கிட்டாருக்கு கீசர் பட்லர், டிரம்ஸுக்கு பில் வார்ட். முதல்ல இவங்களோட இன்னொரு கிட்டார்காரரும் ஒரு சாக்ஸஃபோன்காரரும்கூட இருந்தாங்க, சீக்கிரமே கழண்டுட்டாங்க. பேண்டுக்குப் பெயர் 'போல்கா டல்க் ப்ளூஸ் பேண்ட்', அப்புறம் 'எர்த்'. எர்த்னு வேற ஒரு பேண்டும் சுத்திக்கிட்டு இருந்ததால, 1969-ல் போரிஸ் கார்லாஃப் நடிச்ச ஒரு பேய்ப் படத்தோட பெயரை எடுத்து வெச்சுக்கிட்டாங்க. பின்னாடி கோடிக்கணக்குல பணம் புரண்ட அந்தப் பெயர், ஒரு சினிமா போஸ்டர்ல இருந்து இரவல் வாங்கினது.

அயோமியைப் பற்றிக் கொஞ்சம் நின்னு பேசணும். அவருக்குப் 17 வயசு. தகரத் தகடு வெட்டி வளைக்கிற ஒரு தொழிற்சாலையில வேலை. அன்னைக்கு அவருக்கு அங்கே கடைசி நாள், இசைதான் இனிமேல் தொழில்னு முடிவு பண்ணியாச்சு. மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், திரும்பிப் போக வேண்டாம்னு நினைச்சார். எடுத்த வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வான்னு அம்மா அனுப்பி வெச்சாங்க. வழக்கமா ஒரு மெஷினை ஓட்டுறவங்க அன்னைக்கு வரலை, இவரை அதுல போட்டாங்க. வலது கையில நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போயிடுச்சு. அயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால கிட்டார்ல தந்தியை அழுத்திப் பிடிக்க வேண்டியது அந்த வலது கைதான்.

மேலதிகாரி ஒருத்தர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ தீ விபத்துல ரெண்டு விரல் முடங்கிப்போன ஜாஸ் கிட்டார் மேதை. அதைக் கேட்டதும் அயோமிக்கு நம்பிக்கை வந்தது. பாத்திரம் கழுவுற திரவம் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி செஞ்சு, மேல தோல் ஒட்டி மாட்டிக்கிட்டார். தடிமனான தந்தியை அழுத்தினா வலிக்கும், அதனால மெல்லிய தந்தி போட்டார். அப்புறம் தந்தியோட இறுக்கத்தையே குறைக்க ஆரம்பிச்சார். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, மூணு கட்டையில இருக்க வேண்டிய தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல அந்த அடர்த்தியான, கனமான ஒலியைக் கேட்கலாம். இன்னைக்கு உலகம் முழுக்க மெட்டல் பேண்டுகள் கிட்டார் சுருதியை இறக்கி வாசிக்கிற வழக்கத்துக்கு இது ஒரு பெரிய காரணம்.

முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்தது. பதிவு ஏறக்குறைய ஒரே நாள்ல முடிஞ்சது. அதுல பேண்டோட பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டைக் கேளுங்க. கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்க உடனே பிடிச்சிடலாம்: ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அப்புறம் பிரதி மத்தியமம். மூணே ஸ்வரம். நமக்குக் கல்யாணி மாதிரி எத்தனையோ ராகங்கள்ல சாதாரணமா வர்ற அந்த பிரதி மத்தியமம், அங்கே கேட்டவங்களை நடுங்க வெச்சது. அதே வருஷம் செப்டம்பர்ல 'பேரனாய்ட்'. ஆல்பத்துல இடம் மிச்சம் இருக்குன்னு அவசரமா எழுதின பாட்டுதான் அந்தத் தலைப்புப் பாட்டு. ஆல்பம் பிரிட்டன்ல முதலிடம்.

இந்தக் கட்டத்துல ஒரு விஷயத்தைக் குறிச்சு வெச்சுக்கோங்க. ரிஃப் எல்லாம் அயோமி. வரிகள் பெரும்பாலும் கீசர் பட்லர். பாட்டுக்கான மெட்டும் குரலும் ஆஸி. அதுக்குக் கீழ ஜாஸ் கேட்டு வளர்ந்த பில் வார்டோட டிரம்ஸ். நாலு பேர்ல யாரை எடுத்தாலும் வீடு சாயும்னுதான் தோணும். ஆனா சாயலை. அதுதான் பிரச்சினையே.

எழுபதுகள்ல மேனேஜரோட சண்டை, வக்கீல் நோட்டீஸ், போதை, குடி. விரிவாச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் காலத்துப் பெரிய பேண்டுகள் பலதுக்கும் இதே கதைதான். 1977-ல் ஆஸி விலகினார், டேவ் வாக்கர்னு ஒருத்தர் கொஞ்ச நாள் பாடினார், ஆஸி திரும்பி வந்தார். 1979-ல் ஆஸியை நீக்கிட்டாங்க. அந்தச் செய்தியைச் சொல்ற வேலை பில் வார்ட் தலையில விழுந்தது. நாலு பேர்ல ஆஸியோட ரொம்ப நெருக்கமானவர் அவர்தான்.

ஆஸி இடத்துக்கு வந்தவர் ரோனி ஜேம்ஸ் டியோ, அமெரிக்கர். 1980-ல் 'ஹெவன் அண்ட் ஹெல்'. என் கருத்துல, எந்த பேண்டும் பாடகரை மாத்தி இதைவிட நல்லா எழுந்து நின்னதில்லை. டியோ தன் வரிகளைத் தானே எழுதுவார், கீசருக்கு அந்தச் சுமை குறைஞ்சது. அந்த டூர் நடுவுலயே, குடி முத்திப்போன நிலையில பில் வார்ட் விலகினார், வின்னி அப்பிசே வந்தார். அடுத்து 'மாப் ரூல்ஸ்', அதுக்கப்புறம் ஒரு நேரலை ஆல்பத்தோட ஒலிக்கலவை தகராறுல டியோவும் அப்பிசேயும் வெளியே.

இதே சமயத்துல ஆஸி தனியாப் பெரிய ஸ்டார் ஆகிட்டார். அவரை நிர்வகிச்சவர் ஷரன், 1982-ல் அவரோட மனைவியானவர். ஷரனோட அப்பா டான் ஆர்டன், சபாத்தோட மேனேஜர். அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நம்ம சீரியல்காரங்களுக்கு இது கிடைச்சா 800 எபிசோட் எடுப்பாங்க.

1983-ல் டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன் வந்தார். பில் வார்ட் திரும்பி வந்து ரெக்கார்டிங் முடிச்சுட்டு மறுபடி போயிட்டார். அந்த டூருக்குத்தான் ஸ்டோன்ஹெஞ்ச் செட் போட்டாங்க. அடிக்கணக்குல செய்ய வேண்டியதை மீட்டர் கணக்குல செஞ்சு, மேடைக்கே அடங்காத கற்களாகிப் போச்சுன்னு அவங்களே கதை சொல்லிச் சிரிப்பாங்க. 1984-ல் கில்லன் டீப் பர்ப்பிளுக்கே திரும்பினார். கீசரும் போனார். இப்ப மிச்சம் யாரு? அயோமி மட்டும்.

அந்த நிலையில அயோமி தன் பெயர்லயே ஒரு தனி ஆல்பம் செஞ்சார். க்ளென் ஹியூஸ் பாடினார். ரெக்கார்டு கம்பெனியும் மேனேஜரும் ஒத்துக்கலை, சபாத் பெயர் போட்டாத்தான் விற்கும்னாங்க. 1986-ல் 'செவன்த் ஸ்டார்' வெளிவந்தப்போ அட்டையில "பிளாக் சபாத், டோனி அயோமியுடன்" என்கிற மாதிரி ஒரு விநோதமான பெயர். பெயரை அவர் பிடிச்சு வெச்சிருந்தாரா, பெயர் அவரைப் பிடிச்சு வெச்சிருந்ததான்னு இந்த இடத்துல எனக்குச் சந்தேகமாவே இருக்கு.

டூர் ஆரம்பிச்ச சில நாள்லயே ஹியூஸ் போய் ரே கில்லன் வந்தார். முன்னாடி சொன்ன கில்லன் வேற, இவர் வேற, குழப்பிக்காதீங்க. இவர் அடுத்த ஆல்பத்துக்குப் பாடிட்டு விலகிட, அதே பாட்டுகளை மறுபடி பாட பர்மிங்காம்ல இருந்தே ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. அவர் பெயர் டோனி மார்ட்டின். எனக்கு இந்த முழுக் கதையிலயும் மனசுல நிக்கிறவர் இவர்தான்.

கணக்குப் பாருங்க. சபாத் மொத்தம் 19 ஸ்டுடியோ ஆல்பம். ஆஸி பாடினது ஒன்பது. டியோ மூணு. மார்ட்டின் ஐந்து. அதாவது ஆஸிக்கு அடுத்து அதிகமாப் பாடினவர் இவர். ஆனா சபாத் டி-ஷர்ட் போட்டுக்கிட்டு நடக்கிறவங்கள்ல பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்க, எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? 1989-ல் 'ஹெட்லெஸ் கிராஸ்', டிரம்ஸ்ல கோசி பவல். 1990-ல் 'டிர்'. ரெண்டுமே அருமையான ஆல்பங்கள். அப்புறம் டியோவும் கீசரும் திரும்பி வர்றாங்கன்னு மார்ட்டினை ஓரமா உட்கார வெச்சாங்க, 1992-ல் 'டிஹியூமனைசர்' வந்தது. அந்த வருஷம் நவம்பர்ல கலிஃபோர்னியாவுல ஆஸியோட 'கடைசி' கச்சேரி. அதுக்கு முன்னாடி சபாத் வாசிக்கணும்னதும், அவருக்கு முன்வாசிப்பு நான் பண்ண மாட்டேன்னு டியோ கிளம்பிட்டார். ரெண்டு ராத்திரிக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் வந்து பாடிக் காப்பாத்தினார். அப்புறம் மறுபடி மார்ட்டினுக்கு போன். 'கிராஸ் பர்பஸஸ்', 'ஃபர்பிடன்' ரெண்டும் பாடினார். 1997-ல் ஆஸி திரும்பினதும் மார்ட்டின் அத்தியாயம் முடிஞ்சது.

மார்ட்டினாவது மேடையில நின்னார். கீபோர்டு வாசிச்ச ஜெஃப் நிக்கோல்ஸ் 1979-ல் சேர்ந்து 20 வருஷத்துக்கு மேல கூடவே இருந்தவர். ஆஸி, கீசர், வார்டெல்லாம் இல்லாத வருஷங்கள்லகூட இருந்தார். ஆனா கச்சேரிகள்ல பெரும்பாலும் மேடையோட ஓரத்துல, ஆடியன்ஸ் கண்ணுக்குத் தெரியாத இடத்துல நின்னு வாசிச்சார். 2017 ஜனவரியில இறந்துட்டார்.

2006-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சபாத்தைச் சேர்த்தப்போ பட்டியல்ல முதல் நாலு பேர் மட்டும்தான். டியோவுக்குக்கூட இடமில்லை. அதுக்கப்புறம் அயோமி, கீசர், டியோ, அப்பிசே நாலு பேரும் சேர்ந்து வாசிக்கக் கிளம்பினப்போ, சபாத்னு பெயர் வைக்காம 'ஹெவன் அண்ட் ஹெல்'னு வெச்சுக்கிட்டாங்க. 1981-ல் இதே நாலு பேர்தான் பிளாக் சபாத்! ஆள் மாறலை, பெயரை மட்டும் வெளியே விட்டுட்டு வந்தாங்க. 2010 மே மாசம் வயிற்றுப் புற்றுநோய்ல டியோ இறந்ததோட அதுவும் முடிஞ்சது.

அதுக்கு முந்தின வருஷம், 2009-ல்தான் ஆஸி வழக்குப் போட்டார். பெயருக்கான டிரேட்மார்க் உரிமையை அயோமி தனியா வெச்சிருக்கார், எனக்குப் பாதி வேணும்னு. அயோமி தரப்பு, 1979-லயே நீங்க உரிமையை விட்டுக் கொடுத்தாச்சுன்னு சொன்னது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆஸி குரல் இல்லாம அந்தப் பெயருக்கு இந்த மதிப்பு வந்திருக்காது. எல்லாரும் விட்டுட்டுப் போன வருஷங்கள்ல, அரங்கம் நிரம்பாத காலத்துல, அதை இழுத்துக்கிட்டு ஓடினவர் அயோமி. 19 ஆல்பத்துலயும் இருக்கிற ஒரே ஆள் அவர். என்னைக் கேட்டா அயோமி பக்கம்தான் நிற்பேன். ஆனா அந்த வாதத்தை வெச்சா, மார்ட்டினுக்கும் நிக்கோல்ஸுக்கும் என்ன கொடுத்தீங்கன்னு அயோமியையும் கேட்டாகணும். 2010-ல் வழக்கு சமரசமாச்சு.

2011 நவம்பர் 11-ல், அதாவது 11-11-11 அன்னைக்கு, முதல் நாலு பேரும் மறுபடி சேர்றதா அறிவிச்சாங்க. ரெண்டே மாசத்துல அயோமிக்கு லிம்ஃபோமா புற்றுநோய்னு தெரிஞ்சது. அடுத்த மாசம் பில் வார்ட் விலகினார். தான் கையெழுத்துப் போடக்கூடிய ஒப்பந்தம் வரலைன்னார் அவர். அவர் உடம்பு இந்த வேலைக்குத் தாங்காதுன்னார் ஆஸி. '13' ஆல்பத்துல வேற ஒருத்தர், பிராட் வில்க், டிரம்ஸ் வாசிச்சார். சிகிச்சைக்கு நடுவுல அயோமி செஞ்ச அந்த ஆல்பம் 2013-ல் பிரிட்டன்ல முதலிடம், 'பேரனாய்ட்'டுக்கு அப்புறம் 43 வருஷம் கழிச்சு. அமெரிக்காவுல முதல் முறையா முதலிடம். 2017 பிப்ரவரி 4, பர்மிங்காம்ல கடைசி டூரோட கடைசி கச்சேரி. அங்கேயும் வார்ட் இல்லை.

2025 ஜூலை 5-ல்தான் அது நடந்தது. ஆஸ்டன்ல, அவங்க வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்துல இருக்கிற வில்லா பார்க் கால்பந்து மைதானம். பார்க்கின்சன் நோயால நிற்க முடியாத ஆஸி ஒரு சிம்மாசனத்துல உட்கார்ந்து பாடினார். அயோமி, கீசர், டிரம்ஸ்ல பில் வார்ட். நாலு பேரும் ஒரே மேடையில நின்னு 20 வருஷம் ஆகியிருந்தது. நாலு பாட்டு வாசிச்சாங்க, கடைசிப் பாட்டு 'பேரனாய்ட்'. அதுக்குப் பதினேழாவது நாள், ஜூலை 22-ல் ஆஸி காலமானார்.

கேட்டுப் பார்க்க விரும்புறவங்களுக்கு ஒரு தகவல். மார்ட்டின் பாடின ஆல்பங்கள்ல நாலு ரொம்ப வருஷமா கடைகள்லயும் கிடைக்காம, ஸ்ட்ரீமிங்லயும் இல்லாம இருந்தது. 2024-ல் அயோமியே முன்னின்று அந்த நாலையும் ஒரே பெட்டியா மறுபடி வெளியிட்டார், 'ஃபர்பிடன்' ஆல்பத்தைப் புதுசா மிக்ஸ் பண்ணிச் சேர்த்தார். 'ஹெட்லெஸ் கிராஸ்'ல இருந்து ஆரம்பிங்க. ஹெட்ஃபோன்ல, சத்தமா.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.