ஒரே கூரை, வேறு பிரதி

அக்கா மகன் கைபேசியில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். பி.ஜி.எம்.ஐ. என்று பெயர். 2020இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பப்ஜி 2021இல் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்த வடிவம் அது. காட்சி எந்தப் பாணியில் தெரிய வேண்டும் என்று அது ஆடுகிறவனைக் கேட்கிறது: கிளாசிக், கலர்ஃபுல், ரியலிஸ்டிக், சாஃப்ட், மூவி. பண்ருட்டியில் அவனும் அவன் கூட்டாளிகளும் கலர்ஃபுல்தான் வைத்திருக்கிறார்கள். "மூவி வச்சா என்னடா?" என்று கேட்டேன். "புல்லுக்குள்ள படுத்திருக்கிறவன் தெரிய மாட்டான் மாமா. மங்கலா, பழைய படம் மாதிரி இருக்கும்" என்றான்.

கணினியில் ஆடுகிற பெரிய விளையாட்டுகளில் இந்தப் 'பழைய படம்' ஃபிலிம் கிரெயின் என்று வெளிப்படையாகவே பெயர் சொல்லிக்கொண்டு வருகிறது. 2001இல் வந்த 'சைலன்ட் ஹில் 2' திரை முழுக்கப் புள்ளிகளைத் தூவிப் பயமுறுத்தியது. 2007இன் 'மாஸ் எஃபெக்ட்' வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்று விட்டது. 2008இன் 'லெஃப்ட் 4 டெட்' கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடு கொடுத்தது. 2020இன் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' கறுப்பு வெள்ளையும் கிரெயினும் சேர்ந்த ஒரு முறைக்குக் குரசாவாவின் பெயரையே வைத்தது. இவை எதிலும் ஃபிலிம் கிடையாது, கேமரா கிடையாது. கணக்குப் போட்டு முடித்த பிம்பத்தின்மேல் கடைசிப் படியாகப் புள்ளிகளைத் தூவுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஒரு தொழில்நுட்ப நியாயமும் உண்டு: வானம் போன்ற பரப்புகளில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிவதைப் புள்ளிகள் மறைக்கும். ஆனாலும் ஆட உட்காருகிறவர்களில் கணிசமானவர்கள் முதல் வேலையாக அதை அணைக்கிறார்கள். காசு கொட்டி வாங்கின திரையில் எதற்கு அழுக்கு என்கிறார்கள். கண் வலிக்கிறது என்கிறார்கள். நான் பார்ப்பது என் கண்ணால், கேமராவால் அல்ல என்பது இன்னொரு வாதம். வைத்துக்கொள்கிறவர்கள் இவர்களை ரசனை கெட்டவர்கள் என்கிறார்கள்.

இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் கேள்வி வேறு. 'பழைய படம் மாதிரி' என்றால் யாருடைய பழைய படம்?

முதலில் ஒரு சொற்சிக்கல். கிரெயின் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் நிலைக்கவில்லை. துகள் என்று எழுதலாம். நொய்யரிசியைச் சொல்லும் குருணை இன்னும் பொருந்தும். ஆனால் ஸ்டுடியோக்காரர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "கிரெயின்ஸ் அடிக்குது" என்பதே அவர்கள் பேச்சு. ஃபிலிமின் ஜெலட்டின் படலத்தில் வெள்ளி உப்பின் படிகங்கள் கலந்திருக்கும். வெளிச்சம் பட்டவை கழுவும்போது கறுத்த வெள்ளியாக மாறும். அந்தத் திட்டுகள்தாம் கிரெயின். வண்ணப் படச்சுருளில் வெள்ளியை வெளியேற்றிவிடுவார்கள். அது இருந்த இடத்தில் சாயத்தின் சிறு மேகங்கள் மிஞ்சும். ஆக, கிரெயின் பிம்பத்தின் மேல் படிந்த அழுக்கு அல்ல. பிம்பமே அதனால் ஆனது.

ஆனால் எங்களுக்கு வந்த படத்தில் கிரெயின் மட்டுமா இருந்தது?

விநியோகஸ்தர்களின் வரைபடத்தில் நாங்கள் என்.எஸ்.சி. ஏரியா. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. 1993இல் தென் ஆற்காடு இரண்டாகப் பிரிந்து கடலூர் மாவட்டம் வந்த பிறகும் சினிமாக்காரர்களுக்கு என்.எஸ்.சி. என்.எஸ்.சி.தான். அதற்குள் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர். மையம், விளிம்பு என்று நாம் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்ததை அவர்கள் மூன்று எழுத்தில் முடித்துவிட்டிருந்தார்கள். விளிம்புக்கும் 'சென்டர்' என்றே பெயர் வைத்த பெருந்தன்மையைக் கவனிக்க வேண்டும். பிரதி என்ற சொல்லும் அப்படித்தான். நமக்கு அது டெக்ஸ்ட், கட்டுடைக்க வேண்டியது. கொட்டகைக்காரருக்கு அது பெட்டிக்குள் வருகிற பிரிண்ட், ஏற்கெனவே கட்டுடைந்தது. நகரத்தில் ஓடி ஓய்ந்து, பண்ருட்டியில் ஓடி, அதன் பிறகு கெடிலத்துக்கு இரு கரையிலும் உள்ள ஊர்களின் டூரிங் டாக்கீஸுக்கு அது வந்து சேர மாதக்கணக்காகும். "பொட்டி வந்துடுச்சா?" என்பதே அன்றைய செய்தி. வந்த பெட்டியைத் திறந்தால், படம் முழுக்க மழை பெய்யும். சுருள் ஓடி ஓடி விழுந்த செங்குத்துக் கோடுகளுக்கு மழை என்று பெயர். அறுந்து ஒட்டின இடங்களில் வசனம் குதிக்கும். நல்ல பாட்டு ஒன்று காணாமல் போயிருக்கும். வழியில் எந்த ஊர் ஆபரேட்டரோ வெட்டிக்கொண்டான் என்று பேசிக்கொள்வோம். பிரதியிலிருந்து பிரதி எடுத்ததாக இருந்தால் கிரெயினும் தடித்து, கதாநாயகியின் முகத்தில் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

கா. சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாகப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகளம் சினிமாக் கொட்டகை. அங்கே இடத்தைத் தீர்மானித்தது சாதி அல்ல, டிக்கெட் விலை என்பது அவருடைய புகழ்பெற்ற வாதம். அதை நான் மறுக்கவில்லை. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவன் நான். கோயிலில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது உண்மை. ஆனால் கூரை ஒன்று என்பதால் பிரதியும் ஒன்று ஆகிவிடவில்லை. சென்னைக்காரன் பார்த்த முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. வரிசையில் நீ எங்கே நிற்கிறாய் என்பதைத் திரையில் விழுந்த மழையே சொன்னது. கொட்டகைக்குள் அழிந்த வரிசை, கொட்டகைகளுக்கு இடையே இருந்தது.

இதைச் சொல்ல எனக்கு வெகுகாலம் பிடித்தது. கியூபாவின் எஸ்பினோசா 1969இல் எழுதிய 'குறையுள்ள சினிமாவுக்காக' கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, தேய்ந்த பிம்பமே மக்கள் பிம்பம் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஹிட்டோ ஸ்டெயர்ல் 2009இல் எழுதிய 'ஏழைப் பிம்பத்துக்கு ஆதரவாக' என் காதில் தேனாக விழுந்தது. இரண்டுமே முக்கியமான எழுத்துகள்தான். எஸ்பினோசா படம் எடுக்கிறவனின் தேர்வைப் பேசினார். ஸ்டெயர்ல், நகலாகி நகலாகிச் சுருங்கின பிம்பம் கைமாறிப் பரவுவதைப் பேசினார். நானோ இரண்டையும் எடுத்து, எங்க ஊருக்கு வாய்த்த கழிவுப் பிரதிக்கு மாலை போட்டுவிட்டேன். மழை பெய்யுது என்று திரையைப் பார்த்து விசிலடித்தவர்கள் அழகியல் அனுபவத்தில் திளைக்கவில்லை. கொடுத்த காசுக்கு நியாயம் கேட்டார்கள்.

2000களின் நடுவில் ஊருக்குள் பிரௌசிங் சென்டர்கள் வந்தன. பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து 'வைஸ் சிட்டி' ஆடினார்கள். அந்த 2002ஆம் வருஷத்து விளையாட்டில் 'ட்ரெயில்ஸ்' என்று ஒரு தேர்வு. போட்டால் அசைவுகள் இழுபட்டு, படம் கலங்கி, ஒரு சினிமாச் சாயல் வரும். உட்கார்ந்ததும் அதை அணைப்பார்கள். அப்போது அதை ரசனைக் குறைவு என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிம்பம் எப்படித் தெரிய வேண்டும் என்று பண்ருட்டிக்காரன் ஒருவன் தன் கையால் தீர்மானித்த முதல் தருணங்களில் ஒன்று அது. அவன் அப்பாவுக்கு மழையை அணைக்க விசை கிடையாது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. சென்னையில் உருவான கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் கொட்டகைகளுக்குள் புகுந்தன. 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டது. 2013இல் ஃபியூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. பெட்டி போய்விட்டது. சென்னையில் ஓடும் அதே கோப்பு அதே நாளில் இங்கேயும் ஓடுகிறது. டூரிங் டாக்கீஸ் மட்டும் இல்லை. 1964இன் 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோது, கோடு விழாத கர்ணனை எங்க ஊர்க் கிழவர்கள் முதல்முறை பார்த்தார்கள்.

இதை வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியவில்லை. கோட்டைத் துடைக்கிற கணினி, அளவு தப்பினால் கிரெயினையும் துடைத்துவிடும்; முகம் மெழுகாகும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்ந்த நாங்களே அதைக் கைதட்டி வரவேற்போம். கிரெயினை வெறும் சரக்காகப் பார்த்த வரலாறும் நமக்கு உண்டு. பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களை வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். 1931இன் 'காளிதாஸ்' இன்று ஒரு சுருள்கூட இல்லை. அது எதனால் அழிந்ததோ, அதன் முகங்களாக இருந்த வெள்ளி எங்கேயோ. இன்னொரு பக்கம், இணையத்தில் படம் அனுப்புகிறவர்களுக்குக் கிரெயின் ஒரு செலவு. 2018இல் வந்த ஏவி1 என்ற சுருக்கு முறையில், அனுப்பும் முன் கிரெயினை உருவிவிட்டு, பார்க்கிறவன் கருவியில் அதே மாதிரி ஒன்றைச் செய்து தூவ வழி இருக்கிறது. எது அசல், எது தூவல் என்று இனி கேட்பதே வீண்.

போன மாதம் அக்கா மகன் தன் சிநேகிதன் வீட்டுக் கணினியில் 'லெஃப்ட் 4 டெட்' ஆடினான். நானும் பக்கத்தில் இருந்தேன். வழக்கம்போலக் கிரெயின் கோட்டைச் சுழியத்துக்கு இழுத்தான். கொஞ்ச நேரம் ஆடினான். செத்தவர்கள் இருட்டிலிருந்து ஓடி வந்தார்கள். நிறுத்திவிட்டு அமைப்புக்குப் போய், அந்தக் கோட்டை மெதுவாகப் பாதி வரைக்கும் ஏற்றினான்.

"ஏண்டா?"

"இதுல இருக்கட்டும் மாமா. இதுல எல்லாம் தெரிஞ்சா பயமே வர மாட்டேங்குது."