கணக்கில் அகப்படாத எலிகள்



2020 மார்ச் 12ஆம் திகதி நோர்வே அரசு பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தது. அதன்பின் 'ஆர்' என்ற ஓர் எண் செய்திகளில் ஓயாமல் அடிபட்டது. தொற்றிய ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்பதே அந்த எண். ஒன்றுக்கு மேலே நின்றால் நோய் பெருகும். கீழே இறங்கினால் அடங்கும். ஏப்ரல் 6ஆம் திகதி சுகாதார அமைச்சர் பெந்த் ஹொய்யே, அது 0.7 ஆகிவிட்டதாகவும் தொற்று கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதாகவும் சொன்னார்.

இந்தக் கணக்கின் வேர்கள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. 1897இல் செகந்தராபாத்தில், மலேரியாவை நுளம்பு காவுகிறது என்பதற்கான தடயத்தைக் கண்டவர் றொனால்ட் றொஸ். பின்னர் அவர் ஒரு கணக்குப் போட்டார். நுளம்புகளை முற்றாக ஒழிக்கத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அழிந்துவிடும் என்பது அதன் முடிவு.

றொஸ்ஸுடன் பணியாற்றிய மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவ சேவையில் இருந்தவர். 1927இல் அவரும், கண்பார்வை இழந்த இரசாயனவியலாளர் கேர்மாக்கும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் தொற்றக்கூடியவர்கள், தொற்றியவர்கள், குணமானோரும் இறந்தோரும் என்று மக்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு வேகத்தில் போகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். அதைச் சோதித்துப் பார்க்க எடுத்தது பம்பாயின் மரணக் கணக்கை. 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை அங்கே பிளேக் நோயால் வாராவாரம் இறந்தவர்களின் தொகை அது. உச்சத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய 900 பேர். வளைகோடு அந்தத் தொகைகளோடு அழகாகப் பொருந்தியது.

ஆனால் பிளேக்கை மனிதருக்குக் கொண்டுவருவது எலித் தெள்ளு. அவர்களுடைய சமன்பாட்டில் எலிகளுக்குத் தனி இடம் இல்லை. அது வெறும் தோராயக் கணக்கு என்று அவர்களே எழுதியும் வைத்தார்கள். கோடு பொருந்திவிட்டது என்பதற்காக எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டதாக எண்ணக்கூடாது.

இதற்கு இலங்கையும் சாட்சி. 1934-35இல் அங்கே மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 1963இல் நோயாளர் தொகை வெறும் 17. அதை நம்பி மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள். 1960களின் இறுதியில் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். தொகை குறைந்திருந்ததே தவிர, நுளம்பு போய்விடவில்லை. மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016இல்தான் கிடைத்தது.

ஒஸ்லோவிலும் சராசரி எண் எல்லாவற்றையும் சொல்லவில்லை. 2020 இலையுதிர் காலத்தில் ஸ்தொவ்னர், ஆல்னா, குரூருட் போன்ற பகுதிகளில் தொற்று நகரின் மற்றப் பல பகுதிகளைவிடக் கூடுதலாக இருந்தது. பேருந்து ஓட்டுபவரும் துப்புரவுப் பணியாளரும் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. பேரப்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழும் அம்மம்மா தனியறையில் ஒதுங்குவதும் இலேசல்ல.

அப்படியானால் கணக்கு வீணா? இல்லை. "இப்படியே போனால் இவ்வளவு பேர்" என்பதுதான் அது சொல்லும் செய்தி. நாங்கள் ஒதுங்கி இருந்ததால் அந்தத் தொகை வராமற் போனால், கணக்கு பிழைத்துவிட்டது என்று சொல்லுவது நியாயமில்லை. அடுத்த முறை இப்படி ஓர் எண் அறிவிக்கப்பட்டால் அதை மதித்து நடப்போம். எங்கள் வீடுகளின் நிலைமை அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கவும் செய்வோம்.