ஒரு சந்தா, பல வாசல்கள்: ஆய்வு நூலகக் கூட்டமைப்புகளின் வரலாறு

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரான்சிஸ்கன் துறவியர் அரிய பணி ஒன்றைச் செய்தனர். நூற்றுக்கு மேற்பட்ட மடங்களிலும் பேராலயங்களிலும் இருந்த நூல்களை ஆராய்ந்து, எந்தத் திருச்சபைப் பிதாவின் எந்நூல் எந்த மடத்தில் உள்ளது என்பதை ஒரே பட்டியலாகத் தொகுத்தனர். 'ரெஜிஸ்ட்ரம் ஆங்லியே' என வழங்கும் அப்பட்டியலில் ஒவ்வொரு மடத்துக்கும் ஓர் எண் தரப்பட்டிருந்தது. நூலின் பெயருக்கு எதிரே எண்கள் நிற்கும். எண்ணைக் கண்டவர் அம்மடத்தை அறிந்துகொள்வார். பின்னர் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவியான கெர்க்ஸ்டெடு ஹென்றி இதனை அடியொற்றித் தம் பெரும்பட்டியலை விரித்தெழுதினார். தனியொரு நூலகம் எல்லாவற்றையும் வைத்திருத்தல் இயலாது என்னும் உண்மையைத் திருச்சபை அச்சு இயந்திரத்துக்கு முன்பே அறிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

ஆயினும் அத்துறவியர் பகிர்ந்துகொண்டது தமக்குச் சொந்தமான தோல்சுவடிகளையே. இன்று ஆய்வு நூலகங்கள் மின்னிதழ்களைப் பகிர்ந்துகொள்ளும் முறையோ அதனின்று பெரிதும் வேறுபட்டது. அவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, அதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1665ஆம் ஆண்டு ஜனவரியில் பாரிஸிலும் மார்ச்சில் லண்டனிலும் முதல் அறிவியல் இதழ்கள் வெளிவந்தன. அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆய்விதழ் வெளியிடுவது பெரும்பாலும் கற்றோர் கழகங்களின் தொண்டாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. அரசுகள் ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் வழங்கத் தொடங்கின. கட்டுரைகள் பெருகின. கழகங்களால் அவற்றைத் தாங்க இயலாதபோது வணிகப் பதிப்பகத்தார் அவ்விடத்தில் நுழைந்தனர். 1951இல் ராபர்ட் மாக்ஸ்வெல் கைக்கு வந்த பெர்கமான் பிரஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதனை 1991இல் நெதர்லாந்தின் எல்செவியர் நிறுவனம் விலைக்கு வாங்கியது.

ஆய்விதழ் வாணிகத்தின் இயல்பை வாசகர் தெளிவாக உணர வேண்டும். ஒரு கடையில் அரிசி விலை ஏறினால் அடுத்த கடைக்குச் செல்லலாம். ஓர் இதழில் வெளியான கட்டுரையை வேறோர் இதழில் வாங்க இயலாது. ஆகவே ஒவ்வோர் இதழும் தன்னளவில் தனியுரிமை பெற்ற கடையாகும். மேலும், இதழ் வேண்டுமென்று கேட்பவர் பேராசிரியர். பணம் செலுத்துபவர் நூலகர். கேட்பவருக்கு விலை தெரியாது. கட்டுரையை எழுதுவோரும் அதன் தகுதியை ஆய்ந்து கூறுவோரும் பெரும்பாலும் ஊதியமின்றியே செய்கின்றனர். இத்தகைய சந்தையில் விலை ஏறாதிருந்தால்தான் வியப்பு. 1986க்கும் 2000க்கும் இடையே வட அமெரிக்க ஆய்வு நூலகங்கள் ஓர் இதழுக்குச் செலுத்திய சராசரி விலை மூன்று மடங்குக்கும் மேலாயிற்று. அதே காலத்தில் அவை வாங்கிய நூல்களின் எண்ணிக்கை குறைந்தது. இதழ்களுக்குப் பணம் கட்டவே நூல்களுக்கான பணம் எடுக்கப்பட்டது.

இந்நெருக்கடிக்கு விடை காண முயன்றோரில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தார் முதன்மையானவர். அம்மாநிலத்துக்குக் கூட்டுழைப்பு புதிதன்று. 1967இல் பிரெடரிக் கில்கோர் தலைமையில் அங்குள்ள கல்லூரி நூலகங்கள் ஒன்றுசேர்ந்து பட்டியலிடும் பணியைப் பகிர்ந்துகொள்ள ஒரு மையம் அமைத்தன. அதுவே பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஓ.சி.எல்.சி. 1980களில் மாநிலப் பல்கலைக் கழகங்கள் ஒவ்வொன்றும் புதிய நூலகக் கட்டடம் வேண்டுமென்று அரசிடம் கேட்டன. அதனை ஆராய்ந்த குழு 1987இல் அளித்த பரிந்துரை சற்று எதிர்பாராதது. கட்டடங்களுக்கு மேல் கட்டடங்கள் எழுப்புவதைவிட, அதிகம் பயன்படாத நூல்களை வைக்கப் பொதுக் கிடங்குகளும், மாநிலம் முழுமைக்கும் ஒரே மின்னணுப் பட்டியலும் அமைக்கலாம் என்றது அக்குழு. செங்கல் பற்றிய கேள்விக்குக் கணினி விடையாக வந்தது. இவ்வாறு பிறந்ததே ஓஹையோலிங்க். 1990களின் முற்பகுதியிலிருந்து அது இயங்கத் தொடங்கியது.

1990களின் நடுப்பகுதியில் பதிப்பகத்தார் இதழ்களை மின்வடிவில் அளிக்க முன்வந்தபோது, ஓஹையோவின் நூலகங்கள் தனித்தனியே பேரம் பேசாமல் ஒருமித்துப் பேசின. அகாடமிக் பிரஸ், எல்செவியர் ஆகிய நிறுவனங்களோடு உடன்படிக்கைகள் ஏற்பட்டன. அவற்றின் அடிப்படையை ஓர் உவமைக் கணக்கால் விளக்கலாம். பத்துக் கல்லூரிகள் ஒரு பதிப்பகத்துக்கு ஆண்டுதோறும் மொத்தம் நூறு ரூபாய் செலுத்துகின்றன என்று கொள்வோம். ஒரு பெரிய பல்கலைக் கழகம் முப்பது இதழ்களையும் ஒரு சிறிய கல்லூரி இரண்டு இதழ்களையும் பெறுகின்றன. பதிப்பகத்தார், "நூறு ரூபாயைக் குறைக்க வேண்டாம்; இன்னும் சிறிது கூட்டித் தாருங்கள்; எங்கள் இதழ்கள் அனைத்தும் உங்கள் அனைவருக்கும் திறந்திருக்கும்" என்கின்றனர். இரண்டு இதழ் பெற்ற கல்லூரி மாணவனுக்கு ஒரே நாளில் எல்லா இதழ்களின் வாசலும் திறக்கிறது. மின்பிரதியை ஒருவர் வாசித்தாலும் ஆயிரம் பேர் வாசித்தாலும் பதிப்பகத்தாருக்குக் கூடும் செலவு மிகச் சொற்பம். ஆதலால் இருசாராருக்கும் ஆதாயம் எனத் தோன்றியது.

தோற்றம் மட்டுமன்று, பயனும் மெய்யாகவே இருந்தது. வாசிக்கப்பட்ட கட்டுரைகளைக் கணக்கிட்டபோது, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அந்தந்தக் கல்லூரி முன்பு அச்சில் வாங்காத இதழ்களைச் சேர்ந்தவை என்று ஓஹையோலிங்கின் இயக்குநராயிருந்த டாம் சான்வில் எடுத்துக்காட்டினார். 'இவ்விதழ் நமக்குத் தேவையில்லை' என்று ஒவ்வொரு நூலகமும் எண்ணி ஒதுக்கியவற்றையே அதன் மாணவர்கள் தேடிப் படித்தனர். நூலகர்களின் தேர்வு எவ்வளவு பணத்தால் அமைந்தது, எவ்வளவு தேவையால் அமைந்தது என்னும் கேள்வியை இது எழுப்பியது. மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. ஓஹையோலிங்க் அக்கட்டுரைகளைப் பதிப்பகத்தாரின் கணினியில் விட்டுவைக்கவில்லை; தன் சொந்தக் கணினியில் ஏற்றி வைத்து, 1998இல் தனக்கென ஒரு மின்னிதழ் மையத்தைத் திறந்தது. பின்பற்றிய கூட்டமைப்புகள் பலவற்றுக்கு இம்முன்யோசனை இருக்கவில்லை.

இம்முறை விரைவில் உலகெங்கும் பரவியது. கூட்டமைப்புகள் தமக்குள் கலந்து பேச ஒரு பன்னாட்டுக் குழுவும் அமைந்தது. 1998 மார்ச்சில் அது மின்னிதழ் கொள்முதலுக்குரிய நெறிகளை அறிக்கையாக வெளியிட்டது.

முதல் வலுவான எதிர்க்குரல் 2001இல் எழுந்தது. விஸ்கான்சின் பல்கலைக் கழக நூலகங்களின் இயக்குநரான கென்னத் பிரேசியர் இவ்வுடன்படிக்கைக்குப் 'பெரும் பேரம்' என்று பெயரிட்டு, நூலகர்கள் இதில் கையெழுத்திடலாகாது என எழுதினார். ஒவ்வொரு நூலகமும் தன் நலத்தைக் கருதிச் செய்யும் நியாயமான செயல், எல்லா நூலகங்களுக்கும் தீங்காய் முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். தொகுப்பாக வாங்கியபின் வேண்டாத இதழை நீக்க இயலாது. ஆண்டுதோறும் விலை ஏறும். பணம் குறையும்போது வெட்டுவதற்கு எஞ்சுவன தொகுப்புக்கு வெளியே நிற்கும் சிறு கழகங்களின் இதழ்களும் நூல்களுமே. அதாவது வலியவரின் சந்தா காக்கப்பட்டு எளியவரின் சந்தா நிறுத்தப்படும். பிரேசியர் கூறியது பெரும்பாலும் நிறைவேறியது என்றே நான் கருதுகிறேன்.

விலை இரகசியமும் இதனோடு சேர்ந்தது. தாம் செலுத்தும் தொகையை வெளியிடலாகாது என்று பல நூலகங்கள் உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டன. அண்டை வீட்டார் என்ன விலை கொடுத்தார் என அறியாதவன் எப்படிப் பேரம் பேசுவான்? பொருளியல் அறிஞர் தியடோர் பெர்க்ஸ்ட்ராமும் அவர் துணைவரும் அரசு ஆவணச் சட்டங்களின்படி உடன்படிக்கைகளைக் கேட்டுப் பெற முயன்றனர். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகம் அவற்றைத் தரலாகாது என்று எல்செவியர் 2009இல் வழக்குத் தொடுத்துத் தோற்றது. 2014இல் வெளியான அவர்கள் ஆய்வு, ஒரே தரத்துப் பல்கலைக் கழகங்கள் ஒரே தொகுப்புக்கு மிகவும் வேறுபட்ட விலைகளைச் செலுத்தி வந்ததைக் காட்டியது. இதற்கிடையே 2012இல் ஹார்வர்டு பல்கலைக் கழகமே பெரிய பதிப்பகத்தாரின் சந்தாக்களைத் தொடர்ந்து தாங்க இயலாது எனத் தன் பேராசிரியர்களுக்கு அறிவித்தது.

கூட்டமைப்புகளை அப்போஸ்தலர் நடபடிகளில் காணும் பொதுவுடைமை வாழ்வுக்கு ஒப்பிடலாமே என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. ஒப்புமை அழகாயிருப்பினும் பொருந்தாது. எருசலேமில் நிலமுடையவர் நிலத்தை விற்றுக் கொண்டுவந்தார். இங்கு நிலம் உடையவரிடமே இருக்கிறது; உள்ளே செல்வோர் நுழைவுக் கட்டணத்தை மட்டுமே பகிர்ந்துகொள்கின்றனர்.

கூட்டாக வாங்கத் தெரிந்தவர்கள் கூட்டாக மறுக்கவும் நாளடைவில் கற்றனர். சுவீடன் நாட்டின் கூட்டமைப்பு 2018 ஜூன் முடிவில் எல்செவியர் உடன்படிக்கையை நிறுத்தியது. ஜெர்மனியிலும் பேச்சு முறிந்தது. 2018 ஜூலையில் அங்குள்ள பல நிறுவனங்களுக்கு எல்செவியரின் புதிய கட்டுரைகள் அடைக்கப்பட்டன. 2023 செப்டம்பரில்தான் உடன்பாடு ஏற்பட்டது. பத்து வளாகங்களைக் கொண்ட கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் 2019 பிப்ரவரியில் விலகி, 2021 மார்ச்சில் தன் ஆசிரியர்களின் கட்டுரைகள் எவரும் படிக்கத் திறந்திருக்கும் என்னும் ஏற்பாட்டோடு திரும்பியது. இடைக்காலத்தில் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. பழைய இதழ்கள் பலவற்றை நிலையாகப் பார்க்கும் உரிமையை அப்பல்கலைக் கழகம் முன்னமே வாங்கியிருந்தது. மற்றவற்றை நூலகங்களுக்கு இடையிலான இரவல் முறை ஈடுசெய்தது.

நிலையான உரிமை என்பது சிறிய செய்தியன்று. அச்சிதழின் சந்தாவை நிறுத்தினால் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழின் சந்தாவை நிறுத்தினால், உடன்படிக்கையில் வேறுவிதமாய் எழுதப்படாவிடில், நேற்றைய இதழும் மறையும். இவ்வச்சத்தால் ஸ்டான்போர்டு பல்கலைக் கழக நூலகம், பல நூலகங்களின் கணினிகளில் பிரதிகளைப் பரப்பிக் காக்கும் லாக்ஸ் என்னும் முறையை உருவாக்கியது. 2005இல் போர்ட்டிகோ என்னும் காப்பகம் தோன்றியது. பிரதி பல இருந்தால் அழிவு அரிது என்பதை விவிலியச் சுவடிகளைக் கற்ற நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டின் வரலாறு. அரசின் ஆணைக்கு முன்பே இங்குக் கூட்டுழைப்பு தொடங்கிவிட்டது. 1981இல் விண்ணியல் ஆய்வு நிறுவனங்களின் நூலகர்கள் 'ஃபோர்ஸா' என்னும் மன்றத்தை அமைத்தனர். கொடைக்கானலிலும் காவலூரிலும் வானாய்வுக் கூடங்களை நடத்தும் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அதன் உறுப்பினர்களுள் ஒன்று. தம்மிடமுள்ள இதழ்களைப் பட்டியலிட்டு, ஒருவரிடம் இல்லாததை மற்றவரிடம் கேட்டு வாங்கினர். மின்னிதழ்க் காலம் வந்தபோது, முன்னரே ஒருவரையொருவர் அறிந்திருந்த இவர்கள் கூட்டுச் சந்தாவுக்கு எளிதில் மாறினர்.

பல்கலைக் கழகங்களுக்கெனத் தகவல் நூலக வலையமான இன்ஃபிலிப்நெட் 1991இல் திட்டமாகத் தொடங்கி 1996இல் தன்னாட்சி மையமாயிற்று. 2003இல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கு, டெல்லி ஐ.ஐ.டி.யைத் தலைமையிடமாகக் கொண்ட இண்டெஸ்ட் கூட்டமைப்பு அமைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் யு.ஜி.சி. இன்ஃபோநெட் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன்வழிப் பல்கலைக் கழகங்களுக்கு மின்னிதழ்கள் வந்தன. 2010இல் கல்லூரிகளுக்கென என்-லிஸ்ட் வந்தது. 2015இல் இம்மூன்றும் இ-சோத்சிந்து என ஒன்றாயின. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்கள், 1.8 கோடி மாணவரும் ஆசிரியரும் ஆய்வாளரும். ஓஹையோவின் கணக்கே ஒரு துணைக்கண்டத்தின் அளவுக்கு விரிந்தது. மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அரசுக் கல்லூரி மாணவிக்கு ஐ.ஐ.டி. மாணவருக்குள்ள அதே இதழ்கள் கிடைப்பது நீதியான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரேசியரின் கேள்வி அளவோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. ஒரு நூலகம் விலகினால் அதன் மாணவர் மட்டுமே இழப்பர். நாடே ஒரு கையெழுத்தால் கட்டுண்டிருக்கும்போது விலகும் துணிவு எளிதில் வாராது.

இத்திட்டம் மத்திய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியதாக அறிவிக்கப்பட்டது. செராம்பூர் செனட்டுடன் இணைந்த நம் இறையியல் கல்லூரிகள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை தம் வழியைத் தாமே தேட வேண்டியுள்ளன. முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்க இறையியல் நூலகச் சங்கம் 1946இல் தோன்றி, 1949 முதலாகச் சமய இதழ்க் கட்டுரைகளுக்குப் பொது அட்டவணை தொகுத்தது. இப்போது அவ்விதழ்களையே மின்வடிவில் அளிக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1962இல் உருவான பட்டமேற்படிப்பு இறையியல் ஒன்றியத்தில், வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த கல்லூரிகள் பொது நூலகத்தை ஏற்றுக்கொண்டன. உலகத் திருச்சபைகள் மாமன்றமும் குளோபெதிக்ஸ் அமைப்பும் 2011இல் குளோபெதியோலிப் என்னும் கட்டணமற்ற மின்னூலகத்தைத் திறந்தன.

எனினும் தமிழ் இறையியல் இதழ்கள், திருமண்டலப் பத்திரிகைகள், மிஷன் ஆண்டறிக்கைகள் ஆகியவற்றை எந்த வெளிநாட்டுத் தொகுப்பிலும் சந்தா கட்டிப் பெற இயலாது. அவை நம் கல்லூரி அலமாரிகளில், ஓரிடத்தில் பாதியும் மற்றோரிடத்தில் மீதியுமாகக் கிடக்கின்றன. அவற்றுக்குப் பதிப்பகத்தாரோடு பேரம் பேச வேண்டியதில்லை. எந்தத் தொகுதி எந்தக் கல்லூரியில் உள்ளது என்னும் பட்டியல் முதலில் வேண்டும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சிஸ்கன் துறவியர் மடம் மடமாகத் தொகுத்ததும், 1981இல் விண்ணியல் நூலகர்கள் தொடங்கியதும் அத்தகைய பட்டியலே.