கைத்திறனும் கல்வியும்: தோக்கியோவின் எந்திரவியற் கல்லூரி

கற்றவன் கையில் அழுக்குப் படலாகாது. கைத்தொழில் செய்பவனுக்கு ஏட்டுக் கல்வி வேண்டுவதில்லை. இவ்வெண்ணம் உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாக வேரூன்றி நின்றது. வாளேந்திய சாமுராய்க் குலத்தார் ஆண்ட யப்பானும் இதற்கு விலக்கன்று. அக்குலத்து இளைஞரின் கைகளிலேயே சம்மட்டியையும் அரத்தையும் கொடுத்த ஒரு சிறு கல்லூரி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோக்கியோ நகரில் தோன்றியது. பதின்மூன்று ஆண்டுகளே அது தனித்து நிலவியது. அதிற் பயின்று தேறியோர் 211 பேரே. ஆயினும், புதிய யப்பானின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அக்கல்லூரியைக் கூறாது செல்லுதல் இயலாது.

அதன் கதை 1863ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அந்நாளில் யப்பானியர் ஒருவர் நாட்டை விட்டு வெளியேறுதல் மரண தண்டனைக்குரிய குற்றம். அவ்வாறிருந்தும், சோசு என்னும் பகுதியைச் சேர்ந்த ஐந்து இளைஞர் மறைவாகக் கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தனர். பின்னாளில் யப்பானின் முதலாவது பிரதம மந்திரியாக விளங்கிய இட்டோ ஹிரோபுமி அவர்களுள் ஒருவர். யமாவோ யோசோ மற்றொருவர். யமாவோ சிலகாலம் இலண்டனிற் பயின்றபின் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றார். பகலில் நேப்பியர் கப்பற்றளத்திலே தொழிலாளருடன் தொழிலாளராக உழைத்தார். இரவில் அண்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்புகளுக்குச் சென்று விஞ்ஞானம் கற்றார். கையும் அறிவும் ஒருங்கே பழகினாலன்றித் தொழில் கைவராது என்னும் உண்மையை அவர் நூல்களிற் படித்தறிந்தாரல்லர். தம் வியர்வையால் உணர்ந்தார்.

1868இல் ஆட்சி மாறியது. நாடு திரும்பிய யமாவோ, 1870இல் அமைக்கப்பெற்ற பொதுவேலை அமைச்சிற் பணியேற்றார். இருப்புப்பாதை, தந்தி, கலங்கரை விளக்கம், சுரங்கம் ஆகிய யாவும் அப்போது வெளிநாட்டு நிபுணரின் கையிலேயே இருந்தன. அவர்களுக்கு அளிக்கப்பட்ட உயர்ந்த ஊதியம் அரசின் கருவூலத்துக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆகவே, சொந்த நாட்டவரைப் பயிற்றும் பள்ளி ஒன்று வேண்டுமென யமாவோ வற்புறுத்தினார். தொழிலே இல்லாத நாட்டில் எந்திரவியலாளரை உண்டாக்கி யாது பயன் என்று சிலர் தடை எழுப்பினர். இன்று தொழில் இல்லையாயினும், ஆட்களை உருவாக்கினால் அவர்களே தொழிலை உருவாக்குவர் என யமாவோ மறுமொழி கூறியதாகச் சொல்வர்.

1872இல் ஐரோப்பாவுக்குச் சென்ற தூதுக் குழுவில் இட்டோவும் இருந்தார். கல்லூரிக்கு ஆசிரியரைத் தேடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பேராசிரியர் றாங்கின், தம் மாணவர் ஹென்றி டையரைச் சிபாரிசு செய்தார். டையருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. அவரும் பட்டறையிலே தொழில் பழகியவர்; அண்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்புகளிற் பயின்றவர். ஒரே காலத்தில் யமாவோவும் அவரும் அங்கே கற்றிருந்தும், அந்நாளில் ஒருவரையொருவர் அறிந்திலர். யப்பானுக்குச் செல்லும் கப்பலிலேயே டையர் கல்லூரியின் பாடத்திட்டத்தை எழுதி முடித்தார். 1873 யூன் மாதத்தில் அவர் வந்து சேர்ந்ததும், யமாவோ அத்திட்டத்தை மாற்றமின்றி ஏற்றுக்கொண்டார்.

அத்திட்டத்திலேதான் அக்கல்லூரியின் சிறப்பு அடங்கியுள்ளது. பிரித்தானியாவில் அந்நாளிற் பெரும்பாலோர் பட்டறையிற் பழகியே எந்திரவியலாளராயினர். கொள்கை அறிவு அவர்களுக்குக் குறைவு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் கணிதமும் விஞ்ஞானமும் ஆழமாகக் கற்பிக்கப்பட்டன. கைப்பயிற்சி அங்கே குறைவு. டையர் இவ்விரண்டையும் இணைத்தார். கல்விக் காலம் ஆறு ஆண்டுகள். முதலிரண்டு ஆண்டுகள் பொது விஞ்ஞானம். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவரவர் துறைக்குரிய பாடம். இறுதி இரண்டு ஆண்டுகள் முற்றும் செய்முறை வேலை. குடிசார் எந்திரவியல், இயந்திரவியல், தந்தி, கட்டடக்கலை, இரசாயனம், சுரங்கவியல், உலோகவியல் என்பன துறைகள். பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. அமைச்சுக்குரிய அகபானேத் தொழிற்சாலை மாணவரின் பட்டறையாயிற்று. கைவேலையை இழிவெனக் கருதிய மனப்பான்மையை மாற்றுவது, அதிபராகிய டையரின் பெரும் பணிகளுள் ஒன்றாயிற்று.

1878 மார்ச்சு 25ஆம் நாள், தந்தித் தலைமை நிலையத்தின் திறப்பு விழாவையொட்டி அக்கல்லூரி மண்டபத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. பேராசிரியர் அயர்ட்டன் தம் மாணவரின் துணையோடு அங்கே மின்வில் விளக்கொன்றை ஏற்றினார். அவ்விளக்குச் சிறிது நேரமே எரிந்து அணைந்தது. ஆயினும் அந்நாள் யப்பானில் மின்சார நாளென நினைவுகூரப்படுகின்றது.

1879இல் முதலாவது தொகுதியாக 23 பேர் தேறினர். அவர்களுள் தக்கமினே ஜோக்கிச்சி, பின்னர் அமெரிக்காவில் அட்ரினலின் என்னும் சுரப்புப் பொருளைத் தூய நிலையிற் பிரித்தெடுத்துப் புகழ்பெற்றார். தத்சுனோ கிங்கோ, 1914இல் திறக்கப்பட்ட தோக்கியோப் புகையிரத நிலையத்தை வடிவமைத்தார்.

எனினும், கல்லூரியின் நோக்கம் முழுமையாக நிறைவேறியதைக் காட்டியவர் 1883இல் தேறிய தனாபே சக்குரோவே. தலைநகரம் தோக்கியோவுக்கு மாறியபின் பழைய கியோத்தோ நகரம் நலிவுற்றது. பிவா ஏரியின் நீரை மலைகளைக் குடைந்து நகருக்குக் கொண்டுவர ஆளுநர் கிட்டகாக்கி எண்ணினார். தனாபே தம் இறுதியாண்டு ஆய்வுக்கு அதே பொருளை எடுத்திருந்தார். வலக்கையிற் காயமுற்றபோது இடக்கையாலேயே வரைபடங்களைத் தீட்டி முடித்தார். இருபத்தொரு வயது நிரம்பிய அவ்விளைஞரிடமே ஆளுநர் அவ்வேலையை ஒப்படைத்தார். 1885இல் தொடங்கி 1890இல் முற்றுப்பெற்ற அக்கால்வாயின் முதலாவது சுரங்கவழி மட்டும் 2,436 மீற்றர் நீளமுடையது. வெளிநாட்டு எந்திரவியலாளர் எவரும் அதனை வடிவமைக்கவுமில்லை, மேற்பார்க்கவுமில்லை. கால்வாய் நீரால் 1891இல் கெயாகே மின்னிலையம் இயங்கலாயிற்று; அம்மின்சாரத்தால் 1895இல் கியோத்தோவில் யப்பானின் முதலாவது மின்சார டிராம் வண்டிச் சேவை தொடங்கியது. அவ்வேலையில் உயிர்நீத்த தொழிலாளருக்குத் தனாபே பின்னாளில் தம் சொந்தச் செலவிலே நினைவுக்கல் நாட்டினார். தொழிலாளரோடு நின்று தொழில் பழகிய கல்வியின் பயன் அக்கல்லிலும் விளங்குகின்றது.

டையர் 1882இற் கிளாஸ்கோவுக்குத் திரும்பினார். 1886இல் அக்கல்லூரி தோக்கியோவின் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதன் பெயர் மறைந்தது. ஆனால், தொழில் இல்லாத நாட்டில் எந்திரவியலாளர் எதற்கு என்று அன்று எழுந்த கேள்விக்குரிய விடை, கியோத்தோ மலைகளின் ஊடாக இன்றும் நீராக ஓடிக்கொண்டிருக்கின்றது.