பாறசாலை எல்லையில் பாட்டமும் உடைமையும்

உழுபவருக்கு நிலத்தின்மேல் என்ன உரிமை என்னும் வினாவுக்கு, நெய்யாற்றின்கரை வட்டம் காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டது. திருவிதாங்கூரில் சர்க்காருக்குரிய பண்டாரவகை நிலத்தை உழுதவர் வெறும் பாட்டக்காரரே. அதை விற்கும் உரிமை அவருக்கில்லை. 1865இல், கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ் திவானாயிருந்தபோது, ஆயில்யம் திருநாள் மன்னரின் விளம்பரம் அவரையே உடைமையாளர் ஆக்கிற்று. வரியைச் செலுத்தினால் போதும். நிலத்தை விற்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். கோப்புகளோடு நாள் கழிக்கும் நமக்கு, ஓர் அரசாணை இத்தனை பேரை நிமிர வைத்தது வியப்பே! ஜன்மி நிலத்துக் காணக் குடியானவருக்கு 1896ஆம் ஆண்டுச் சட்டம் காப்பளித்தது. ஜன்மியின் மேலுரிமை மட்டும் அழியவில்லை.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சட்டமும் இரண்டாயிற்று. கேரளத்தில் 1970 சனவரி 1இல் குத்தகை நிலங்களின் மேலுரிமை அரசைச் சேர்ந்தது. உழுத குத்தகைதாரர் அதை விலைக்குப் பெறலாயினர். ஊராட்சிகளில் குடிகிடப்புக்காரருக்குப் 10 சென்ட் வரை மனையுரிமை கிட்டிற்று. புதிய குத்தகைக்கோ அந்நிலச்சீர்திருத்தச் சட்டம் தடையிட்டது. குமரி மாவட்டத்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டங்கள் நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றின. அத்தகைய தடை அங்கு வரவில்லை.

ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. பாட்டனார் நிலத்தை உறவினரிடம் பாட்டத்துக்கு விடும்படி கடிதம் எழுதுமுன், அது பாறசாலைப் பக்கமா, களியக்காவிளைப் பக்கமா என்று பத்திரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.